ஆல்ட்ஃபெல்டன் பைப் பாண்டின் கெட்டிமேளம்

கமலநாயகிக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குத்தான் சிவக்கும். அன்றைக்கு மூக்கோடு நிற்கவில்லை. கழுவிக்கொண்டிருந்த சட்டியைத் தொட்டிக்குள் அவள் போட்ட போட்டில், முன்னறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த இராசலிங்கம் எழும்பி ஓடிவந்துவிட்டார். வந்து பார்த்தால் மகள் துஷானி குசினி மேசையடியில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கிறாள். பெண்சாதி இடுப்பில் கைவைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே முறைக்கிறாள். வெளியே பாவம், ஒரு ஆப்பிள் மரம்தான் நின்றது.

சங்கதி இதுதான். துஷானி ஊர் நகரசபையில் அவுஸ்பில்டுங் செய்கிறவள், அதாவது வேலை பழகுகிறவள். மத்தியானம் ஒரு அறைக்குக் கோப்பி கொண்டுபோன இடத்தில் அவள் காதில் ஒரு கதை விழுந்தது. தாயும் மகளும் வாசிக்கிற பைப் பாண்ட், அதாவது பாக்பைப் என்ற பை வாத்தியம் ஊதி டிரம் அடிக்கிற கூட்டம், ஒத்திகை பார்க்கிற பழைய தீயணைப்பு நிலையத்தை மேயர் ஒரு வீடு கட்டும் கம்பனிக்கு விற்கப் போகிறார். பாண்டுக்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஒரு நிலவறை கொடுப்பார். அங்கே ஆறு மணிக்குப் பிறகு சத்தம் போடக் கூடாது. பாண்டில் இருக்கிற எல்லாரும் வேலை முடிந்து வருவதே ஆறு மணிக்குத்தான்! பிறகு நிலவறையில் என்னத்தை ஊதுவது? வருகிற சனிக்கிழமை பாண்டின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா. அந்த மேடையிலேயே, ஏதோ பரிசு தருகிற மாதிரி, மேயர் இதை அறிவிக்கப் போகிறாராம்.

மேடையில் ஏன் அறிவிக்கிறார் என்று இராசலிங்கம் கேட்டார். கமலநாயகிக்கு அது உடனே விளங்கிவிட்டது. ஜெர்மன் சனம் மரியாதையான சனம். மேயர் சிரித்துக்கொண்டு "உங்களுக்குப் புது இடம்" என்றால், பாதிப் பேருக்கு விஷயம் விளங்குவதற்கு முன்பே கைதட்டல் எழும்பிவிடும். ஊரே கைதட்டினது என்று எழுதிக்கொண்டு திங்கட்கிழமை சபைக்குப் போனால், அங்கே எதிர்த்துக் கை தூக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

"நான் இப்பவே அல்பேர்ட்டிட்ட போறன்" என்று, பாண்டின் தலைவரிடம் போகக் கமலநாயகி சப்பாத்தைத் தேடினாள்.

துஷானி கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. அந்த அறைக்குள்ள நான் மட்டும்தான் வெளியாள். கதை வெளிய வந்தால் நான்தான் சொன்னதெண்டு தெரிஞ்சுபோயிடும். என்ர அவுஸ்பில்டுங் போயிடும்."

கமலநாயகி சப்பாத்தைக் கீழே போட்டாள். வாயைத் திறந்தால் மகளின் வேலை போகும், வாயை மூடினால் பாண்டின் வீடு போகும். இப்படி ஒரு பொறியில் அவள் சீவியத்தில் அகப்பட்டதில்லை.

அந்தப் பழைய தீயணைப்பு நிலையத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஹனோவருக்கு வடக்கே இருக்கிற ஆல்ட்ஃபெல்டன் என்ற இந்தச் சின்ன ஊருக்கு ஸ்கொட்லாந்து வாத்தியம் எப்படி வந்தது? புகைபோக்கி வழியாகத்தான். அல்பேர்ட் என்ற இளம் புகைபோக்கி துப்புரவாளர், பக்கத்தில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் படையின் புகைபோக்கிகளைக் கூட்டப் போவார். அங்கே ஒரு ஸ்கொட்லாந்துச் சார்ஜன்ட் பின்னேரங்களில் பாக்பைப் ஊதுவார். கூட்டப் போனவர் கூரையிலேயே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். சார்ஜன்ட் கீழே கூப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு வா என்று சொல்லி, ஊதப் பழக்கினார். மாற்றலாகிப் போகும்போது தன் பழைய பைப்பையும் கொடுத்துவிட்டுப் போனார். அல்பேர்ட் ஐந்து கூட்டாளிகளைச் சேர்த்துப் பாண்ட் தொடங்கினது 1981இல்.

ஸ்கொட்லாந்து ஆண்கள் கட்டுகிற கட்டம் போட்ட பாவாடை, கில்ட், அதை வாங்க வசதியில்லை. மூடிப்போன ஒரு ஹோட்டலின் கட்டம் போட்ட யன்னல் திரைகளை வெட்டித் தைத்துக் கட்டிக்கொண்டார்கள். முதல் ஊர்வலத்தில் மழை பிடித்துக்கொண்டது. திரைச்சீலைச் சாயம் கரைந்து ஆறு பேருக்கும் முழங்கால் பச்சையாகிவிட்டது. ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்த சனமே மறு வருடம் ஊர்வலத்தில் பச்சை முழங்கால்காரர் எங்கே என்று தேடினது. அப்போதிருந்த மேயர், நல்ல மனுசன், காலியாகக் கிடந்த பழைய தீயணைப்பு நிலையத்தின் திறப்பை அல்பேர்ட்டின் கையில் வைத்தார். வாய்ப் பேச்சாகக் கொடுத்தது, எழுத்து ஒன்றும் இல்லை. தண்ணீர்க் குழாய்களைத் தொங்கவிட்டுக் காயவைக்கிற உயரமான கோபுரம் ஒன்று அதில் இருந்தது. பைப்பின் சத்தம் நேரே அதற்குள் ஏறிப் போய்விடும். அக்கம்பக்கத்தார் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

ஆனால் எதிர்வீட்டில் ஒரு குழந்தை தூங்கவில்லை. அந்த எதிர்வீடு அகதிகள் இல்லம். குழந்தை துஷானி.

பைப் சத்தத்துக்குக் குழந்தை அசையாது. பெரிய டிரம் தவறுகிற நேரம் மட்டும் திடுக்கிட்டு எழும்பிக் கத்தும். அடிக்கிறவர் தபால்காரர். தாளத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு வெள்ளிக்கிழமை கமலநாயகியால் பொறுக்க முடியவில்லை. குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து போனாள். அப்போது அவளுக்குத் தெரிந்த ஜெர்மன் நாலு சொல். அந்த நாலும் சண்டைக்கு உதவாதவை. எனவே குழந்தையை அல்பேர்ட்டின் கையில் திணித்துவிட்டு, தபால்காரரின் கையிலிருந்த தடிகளைப் பறித்து, இப்படித்தான் அடிக்கவேண்டும் என்று அடித்துக் காட்டினாள். ஒரே உரலில் இரண்டு பேர் மாறி மாறி உலக்கை போட்டு மா இடித்த கை அது. பிசகினால் விரல் போய்விடும் என்று பழகின கைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? அல்பேர்ட்டின் தோளில் துஷானி நித்திரையாகிவிட்டாள். தபால்காரர் கோபிக்கவில்லை, விட்டது தொல்லை என்று சின்ன டிரம்முக்கு மாறிக்கொண்டார். அவருக்கு அது நன்றாகவே வந்தது.

அந்த நாட்களில் எந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தாலும் அவளிடம் ஒரு அன்ட்ராக் கேட்டார்கள். படுக்க, சாப்பிட, மருந்து எடுக்க, எல்லாவற்றுக்கும் விண்ணப்பம். அந்தத் தீயணைப்பு நிலையத்தில் மட்டும், அடுத்த வெள்ளியும் வருவாயா என்று கேட்டார்கள். அதை அவள் மறக்கவில்லை. அந்த இடம் தன்னுடையது என்றே நினைத்தாள்.

நம்முடைய ஆட்கள் விடுவார்களா? ஹனோவரில், பெரியபிள்ளையான ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டில், கழுத்து நிறைய நகை போட்ட ஒருத்தி எல்லாருக்கும் கேட்கக் கேட்டாள்: "மேளம் அடிக்கிறது எங்கட ஆக்கள் செய்யிற வேலையோ, கமலாக்கா?"

"இல்லை," என்றாள் கமலநாயகி. "அதுக்குக் கெட்டித்தனம் வேணும்."

அதோடு அந்தக் கதை முடிந்தது. இராசலிங்கம் மட்டும் வீடு வரும்வரைக்கும் காருக்குள் சிரித்துக்கொண்டு வந்தார்.

இனி அல்பேர்ட்டின் கல்யாணம். பாண்டின் சரித்திரத்தில் அதுதான் பெரிய விபத்து. தேவாலயத்தில் மாப்பிள்ளையும் இங்ரிட் என்ற பெண்ணும் முன்னால் நின்றார்கள். வெளியே வரும்போது வாசிப்பதற்காகப் பாண்ட் முழுதும் வாத்தியங்களோடு கடைசி வரிசையில் நின்றது. அல்பேர்ட் மோதிரத்தை எடுத்தார். கமலநாயகியின் நெஞ்சில் டிரம், இரண்டு கையிலும் தடி. தாலி ஏறுகிற நேரத்தில் மேளம் கொட்டாமல் நிற்க அவளுக்கு ஏலாது. யோசிக்கவே இல்லை. கைகள் தங்கள் பாட்டுக்குக் கெட்டிமேளம் கொட்டத் தொடங்கிவிட்டன. பெரிய டிரம் தொடங்கினால் மற்றவர்கள் கேள்வி கேட்கக் கூடாது என்பது அல்பேர்ட் போட்ட சட்டம். சின்ன டிரம்கள் சேர்ந்துகொண்டன. பைப்காரர் பையை நிரப்பி ஊதினார்கள். பாதிரியார் புத்தகத்தை மூடிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

எல்லாம் ஓய்ந்த பிறகு அல்பேர்ட் வந்து, மெதுவாக, என்ன நடந்தது என்று கேட்டார். கமலநாயகிக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கிற ஆளா அவள்! தெரிந்த ஜெர்மனில் விளக்கினாள். நல்ல காரியம் நடக்கிற கணத்தில் ஒரு கூடாத சொல், ஒரு அழுகை, ஒரு தும்மல், எதுவும் காதில் விழக் கூடாது. அதை மறைக்கத்தான் மேளம்.

"உங்கட பெரியம்மா தும்மினவ," என்றாள். "நான் கண்டனான். ஒருத்தருக்கும் கேக்கேல்லைத்தானே?"

அல்பேர்ட் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பெரியம்மா கையில் கைக்குட்டையோடு ஆமென்று தலையாட்டினார். ஜெர்மனியில் புகைபோக்கி கூட்டுகிறவன் எதிரே வந்தால் நல்ல சகுனம் என்று அவன் கையைத் தொடுவார்கள். சகுனத்திலேயே சீவிக்கிற மனுசனுக்கு இதை விளங்கப்படுத்த அதிக நேரம் வேண்டியிருக்கவில்லை.

அன்றையிலிருந்து அதற்குப் பாண்டில் 'கெட்டி' என்று பெயர். கல்யாணம், ஞானஸ்நானம், புதுப் பாலம், உதைபந்தாட்டக் கோப்பை, எதுவானாலும் ஆல்ட்ஃபெல்டனில் கெட்டி வாசிக்கவேண்டும். கெட்டி கேட்டால் நல்லது நடந்துவிட்டது என்று அர்த்தம். சனம் எழும்பி நின்று தாளத்துக்குக் கைதட்டும். ஒருமுறை போட்டிக்குப் போன இடத்தில், ஸ்கொட்லாந்திலிருந்து வந்த நடுவர் கடைசியில் வாசித்தது என்ன என்று கேட்டு, புள்ளியைக் குறைத்துவிட்டார். புள்ளி போனால் போகட்டும், கெட்டி போகாது என்று அல்பேர்ட் சொல்லிவிட்டார்.

இப்போது சனிக்கிழமைக்கு வருவோம்.

2006ஆம் வருடம், செப்டம்பர். உலகக் கிண்ணத்துக்குக் கட்டின கொடிகள் சில பல்கனிகளில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. நகரசபை முற்றத்தில் வாங்குகளும் மேசைகளும் போட்டு, ஊர் முழுதும் கூடியிருந்தது. இங்ரிட் சுட்ட கேக்குகள் ஒரு மேசை முழுவதும் இருந்தன. அல்பேர்ட்டின் தலை நரைத்துவிட்டது. ஆனால் அன்றைக்குச் சின்னப் பிள்ளை மாதிரித் துள்ளிக்கொண்டு திரிந்தார். அந்த முகத்தைப் பார்க்க ஏலாமல் கமலநாயகி டிரம்மைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மனுசனுக்கு ஒன்றும் தெரியாதே!

முதல் வரிசையில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர், மடியில் பெரிய பூச்செண்டோடு இருந்தார். பாண்டின் ஊர்வலங்களில் ஒருநாளும் காணாத முகம். பைப்பைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற துஷானி, தாயின் காதுக்குள், அதுதான் கம்பனிக்காரர் என்றாள். மேயர் அறிவித்ததும் கைகுலுக்கிப் படம் எடுக்க வந்திருக்கிறார் போலும். வெட்கங்கெட்டவர், பூவும் கொண்டு வந்திருக்கிறார்!

புறப்படும்போது இராசலிங்கம் கேட்டிருந்தார்: "இஞ்சாரும், என்ன செய்யிறதா யோசனை?"

"என்ர வேலையைத்தான்," என்றாள் கமலநாயகி, கில்ட்டின் வாரை இறுக்கிக்கொண்டு.

அவளுடைய யோசனை நேரானது. கெட்டிமேளம் எதற்கு? கூடாத சொல் சபையில் விழாமல் மறைக்க. மேயர் வாயிலிருந்து வரப்போகிறது கூடாத சொல். சொல் கேட்காவிட்டால் கைதட்டல் இல்லை. கைதட்டல் இல்லாவிட்டால் திங்கட்கிழமை சபையில் மேயருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு வருவதைப் பிறகு பார்க்கலாம். பாண்டை விட்டுத் துரத்தினாலும் துரத்தட்டும் என்று அவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

மேயர் மேடையேறினார். கண்டவர் கையையெல்லாம் குலுக்குகிற மனுசன். அதுவும் அடுத்த வருடம் தேர்தல் என்பதால் குழந்தைகளின் கையையும் குலுக்கிவிட்டுத்தான் ஏறினார். பச்சை முழங்கால் கதையைச் சொன்னார், சனம் சிரித்தது. கெட்டியைப் பற்றிச் சொன்னார், சனம் கமலநாயகியைப் பார்த்துக் கை அசைத்தது. அவள் சிரிக்கவில்லை. தடிகளின் பட்டியை மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்றைக்கு," என்றார் மேயர், "எங்கள் பழைய தீயணைப்பு நிலையத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு சந்தோசமான செய்தி..."

டம், டம், டம்டம்டம்டம்!

தபால்காரர் திடுக்கிட்டார், ஆனால் சட்டம் சட்டம்தான். சின்ன டிரம்கள் பொரிந்தன. அல்பேர்ட் திரும்பிக் கமலநாயகியைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு அடித்தாள். இத்தனை வருடத்தில் அவள் காரணமில்லாமல் கெட்டி அடித்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். பையை நிரப்பி ஊதினார். துஷானியும் மற்றவர்களும் ஊதினார்கள்.

மேயரின் வாய் இரண்டு மூன்று முறை திறந்து மூடினது. பிறகு சிரித்துக்கொண்டு கையை உயர்த்திக் காத்திருந்தார். மூச்சு வாங்க அவள் ஒரு கணம் நிறுத்தினாள். அவர் உடனே, "பழைய தீயணைப்பு நிலையம் இனிமேல்..." என்று தொடங்கினார். அவ்வளவுதான், மறுபடியும் டம்டம்டம்டம். தோள் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி நொந்தது. விழுந்தாலும் விடுகிறதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள்.

அப்போதுதான் அவள் நினைத்தே பார்க்காத ஒன்று நடந்தது.

சனம் எழும்பி நின்றது. ஆல்ட்ஃபெல்டனில் கெட்டிக்கு ஒரே ஒரு அர்த்தம்தானே? தீயணைப்பு நிலையம் என்று மேயர் சொன்னார், சந்தோசமான செய்தி என்றார், உடனே கெட்டி கொட்டிவிட்டது. வேறென்ன, மேயர் கட்டடத்தைப் பாண்டுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்! ஒருவர் பக்கத்தில் நின்றவருக்குச் சொன்னார், அவர் பின்னால் நின்றவருக்குச் சொன்னார். முற்றம் முழுதும் கையும் காலும் தாளத்துக்கு இறங்கின. இங்ரிட் கேக் கத்தியைப் போட்டுவிட்டு மேடைக்கு ஓடி, அழுதுகொண்டே மேயரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். பத்திரிகைக்காரர் அதைப் படம் எடுத்தார். தேவாலயத்தில் அன்று காதைப் பொத்தின பாதிரியார் இன்றைக்கு மேயரின் கையைப் பிடித்து விடாமல் குலுக்கினார்.

கமலநாயகி நிறுத்தினாள். அதற்கு மேல் அடிக்க அவளுக்குக் கை எழும்பவுமில்லை. கைதட்டல் மட்டும் நிற்கவில்லை.

மேயர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு சனத்தைப் பார்த்தார். முதல் வரிசையில் பூச்செண்டோடு இருந்தவரைப் பார்த்தார். திரும்பவும் சனத்தைப் பார்த்தார். அரசியல்வாதிதானே, கூட்டத்தின் முகத்தை வாசிக்கத் தெரிந்தவர். சும்மா சொல்லக்கூடாது, மனுசன் அதிக நேரம் எடுக்கவில்லை.

"ஆம்," என்றார் ஒலிவாங்கியில், தொண்டையைச் செருமிக்கொண்டு. "நீங்கள் எல்லாரும் நினைக்கிறதுதான். பழைய தீயணைப்பு நிலையம் இனிமேல் பாண்டுடையது. திங்கட்கிழமை சபையில் நானே முன்மொழிவேன்."

கம்பனிக்காரர் எழும்பி வெளியேறப் பார்த்தார். எதிரே வந்த இங்ரிட், ஐயோ, எங்களுக்கா என்று சொல்லிப் பூச்செண்டை வாங்கிக்கொண்டு, அவருக்கும் ஒரு முத்தம் கொடுத்து அனுப்பினாள். துஷானி பைப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். பின்னால் நின்ற இராசலிங்கம் வாயைப் பிளந்தபடி நின்றவர் நின்றவர்தான்.

பின்னேரம் சனம் கலைந்த பிறகு, கமலநாயகி டிரம்மைத் தீயணைப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய் அதன் ஆணியில் மாட்டினாள். நிமிர்ந்து அந்தக் கோபுரத்தைப் பார்த்ததும், இவ்வளவு நேரமும் வராத அழுகை வந்துவிட்டது. யாரும் இல்லைத்தானே என்று நன்றாகவே அழுதாள்.

யாரும் இல்லாமல் இல்லை. அல்பேர்ட் வாசலில் நின்றார். அழுது முடியும்வரை காத்திருந்துவிட்டு, உள்ளே வந்து எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேயர் போகும்போது ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார் என்றார். மேயர் வாயைத் திறந்து செய்தியைச் சொல்வதற்கு முன்பே எப்படிக் கெட்டி அடித்தாய், உனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார்.

கமலநாயகிக்கு மகளின் முகம் நினைவில் வந்தது. சால்வையின் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். மூக்கு நன்றாகச் சிவந்திருந்தது.

"எனக்கு ஒண்டும் தெரியாது, அல்பேர்ட்," என்றாள். "மேயர் தும்மப் பாத்தவர். ஒருத்தருக்கும் கேக்கேல்லைத்தானே?"

பூச்செண்டோடு வந்தவர் யார் என்று அப்போதுதான் அல்பேர்ட்டுக்கு உறைத்தது போலிருந்தது. பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்புக் கோபுரத்துக்குள் ஏறி, சுற்றிச் சுற்றித் திரும்பி வந்தது. அவளும் சிரித்தாள். கதவைப் பூட்டும்போது, அடுத்த வெள்ளியும் வருவாயா என்று அவர் கேட்டார்.

"ஓம்," என்றாள். "வாறன்."